கரகம்பாடியிலிருந்து காயலான் கடை வரை

திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே கரகம்பாடி என்று ஓர் ஊர். ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் போகிற வண்டியின் பானெட்டுக்குள் அந்த ஊர்ச் சரக்கு உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1985-ல் ராமச்சந்திர கல்லா தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலை அங்கேதான் இருக்கிறது. அமரான் என்ற பெயரில் விற்பவை இந்த வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பக்கமிருந்து புத்தூர், நகரி, திருத்தணி, திருவள்ளூர் தாண்டி வரும் சாலை, ஆவடியையும் அம்பத்தூரையும் ஊடுருவிக்கொண்டு சென்னையின் பாடிக்கு வந்து சேரும். உள்ளூரில் அதற்கு சி.டி.எச். ரோடு என்று பெயர். இன்னொரு பெரிய கம்பெனியான எக்ஸைடுக்கு ஓசூரில் ஆலை. அங்கிருந்து வரும் லாரிக்குக் கிருஷ்ணகிரி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழி. நகருக்குள் நுழையும் வாசல் பூந்தமல்லி. கார் பேட்டரி சென்னைக்குள் கால் வைக்கும் இரண்டு வழிகளும் மேற்குப் புறநகர் வழியாகத்தான் போகின்றன.

அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் பழுப்பு நிற ஈய டை-ஆக்சைடு தகடுகளும் மாறி மாறி, நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கி நிற்கின்றன. பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே 1859-ல் செய்து காட்டிய சேர்க்கை இது. கார் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே பேட்டரி பிறந்துவிட்டது. பெட்டி மாறியது, தகடு மெலிந்தது, மூடி அடைபட்டது. உள்ளே நடக்கும் ரசாயனம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் சார்ஜ் ஆலையிலேயே ஏற்றப்படும். பல மணி நேரம் ஓடும் அந்தச் சார்ஜில்தான் தகட்டில் அப்பிய ஈயப் பசை மின்சாரம் கொடுக்கும் பொருளாக மாறுகிறது. வெளியே வரும்போது அறை ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறையும் கூட்டினால் 12.6. பெட்டியின் மேல் 12 என்று அச்சடித்திருப்பது பேச்சு வழக்குக்காக. மீட்டரில் சரியாக 12.0 காட்டும் பேட்டரி ஏறக்குறைய முக்கால்வாசி காலி. "கரெக்டா பன்னெண்டு காட்டுது சார், பேட்டரி சூப்பர்" என்று யாராவது சொன்னால், அவருக்கு நல்ல மனசு என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? அமிலத்தின் அடர்த்தியிலிருந்து. ஹைட்ரோமீட்டரில் காட்டும் எண்ணோடு 0.84-ஐக் கூட்டினால் ஓர் அறையின் வோல்ட் கிட்டத்தட்ட வந்துவிடும். அடர்த்தி 1.26 என்றால் 2.10, ஆறால் பெருக்கினால் 12.6. சார்ஜ் இறங்க இறங்க அமிலத்தில் உள்ள சல்பேட் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது, எண்ணும் கூடவே இறங்குகிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். முழுதுக்கும் காலுக்கும் இடையே வெறும் 0.6 வோல்ட்தான். எனவே 0.1 வோல்ட் பிசகும் மீட்டரை வைத்துக்கொண்டு பேட்டரிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. மலிவு மல்டிமீட்டர்கள் பலவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவற்றின் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தேய்ந்துபோனால், அளக்கும் பொருளின் வோல்டேஜைக் கூட்டிக் காட்ட ஆரம்பிக்கும். அடுத்த வீட்டுப் பேட்டரியைச் சோதிக்கும் முன் சொந்த வீட்டுப் பேட்டரியைப் பார்ப்பது நல்லது.

நம் ஊருக்கு இதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் அமிலத்தைச் சற்று நீர்த்தே, 1.240 அடர்த்தியில் ஊற்றுவதும் வழக்கம். தகடு அரிப்பது குறையும், ஆயுள் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அப்படிப்பட்ட பேட்டரி முழுதாக நிறைந்திருந்தாலும் 12.5-க்குக் கொஞ்சம் கீழேதான் காட்டும். குளிர் நாட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு "இது எண்பது பர்சென்ட்தான் இருக்கு" என்று சொன்னால் நிறைந்த பேட்டரியின் மேல் பொய்ப் புகார் கொடுத்த மாதிரி ஆகும்.

லாரியிலிருந்து இறங்கிய பேட்டரி அடுத்து அம்பத்தூர் எஸ்டேட் பக்கமோ, ஆவடி மார்க்கெட் பக்கமோ ஒரு கடையின் ஷெல்ஃபில் உட்காரும். சும்மா இருந்தாலும் அது தன்னைத்தானே தின்னும். வெயில் ஏற ஏற வேகமாகத் தின்னும். தகரக் கூரைக்குக் கீழே மாதக் கணக்கில் கிடந்த புதுப் பேட்டரி, பெயரளவில்தான் புதிது. வாங்கும்போது கடைக்காரரிடம் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுக் கொடுக்கச் சொல்லலாம், இல்லை வேறொன்று எடுக்கச் சொல்லலாம். பெட்டியில் தயாரிப்பு மாதம் குறியீடாக இருக்கும். அதைப் படித்துச் சொல்லத் தயங்கும் கடையில் எனக்கு வேலை இல்லை.

பேட்டரியின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஆல்டர்னேட்டரோடு சேரும் நாள். அந்த விஷயத்தில் இந்தப் பகுதிக்குச் சொந்தப் பெருமை ஒன்று உண்டு. பிரிட்டனின் லூக்காஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961-ல் தொடங்கிய லூக்காஸ்-டி.வி.எஸ். பாடியில்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், வைப்பர் மோட்டார் என்று வண்டியின் மின் உறுப்புகளைச் செய்வதே அதன் தொழில். சி.டி.எச். ரோட்டின் ஒரு முனையில் மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டி, மறு முனையில் அதை நிரப்பும் இயந்திரம். சாலை போட்டவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

பழைய அம்பாசடரில் டைனமோ இருந்தது. ரெகுலேட்டர் பெட்டியில் காயில் இழுக்க, காண்டாக்ட் பாயின்ட் தட்டித் தட்டி வோல்டேஜைக் கட்டுப்படுத்தும். வண்டி ஐடிலில் நின்றால் டைனமோவிலிருந்து பெரிதாக ஒன்றும் வராது. அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். டயோடு மலிவாகி ஆல்டர்னேட்டர் வந்த பிறகு அந்தக் கஷ்டம் பெரும்பாலும் தீர்ந்தது. வயதான எலக்ட்ரீஷியன்கள் இன்றும் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை, வேலை ஒன்றுதானே.

சரி, 12.6 இருக்கும் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ள எவ்வளவு வேண்டும்? ஓவர்ஹெட் டேங்குக்கு அடியிலிருந்து தண்ணீர் ஏற்ற வேண்டுமென்றால், டேங்கில் நிற்கும் மட்டத்தைவிட மோட்டாரின் அழுத்தம் மேலே இருக்க வேண்டும். சமமாக இருந்தால் ஒரு சொட்டு நகராது. அதனால்தான் வண்டி ஓடும்போது டெர்மினலில் 13.8-லிருந்து 14.5 வரை காட்டுகிறது. அது ஆல்டர்னேட்டர் தள்ளும் அழுத்தம். பேட்டரியின் சொந்த வோல்டேஜ் அல்ல. எஞ்சினை நிறுத்தியதும் மீட்டர் 13 பக்கம் நிற்கும். அதையும் நம்பக் கூடாது. தகட்டின் மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் சார்ஜ் அது. இரவு முழுக்க விட்டுக் காலையில் பார்த்தால்தான் உண்மை எண் தெரியும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

ஆக, அதே இரண்டு டெர்மினல்கள் மூன்று கேள்விக்கு மூன்று பதில் சொல்லும். காலையில் சாவி போடும் முன் காட்டுவது, எவ்வளவு இருக்கிறது என்பது. செல்ஃப் அடிக்கும் நொடியில் காட்டுவது, பேட்டரிக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பது. வண்டி ஓடும்போது காட்டுவது, ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்பது. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல பேட்டரிகள் பாதி ஆயுளில் மாற்றப்படுகின்றன.

நடுவில் இருக்கும் அந்தச் செல்ஃப் அடிக்கும் நொடியை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு மூன்றில் முக்கியமானது அதுதான். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் இழுக்கும். நல்ல பேட்டரி 10-க்கு மேலேயே தாங்கும், 9.6-க்குக் கீழே விழுந்தால் காலம் நெருங்கிவிட்டது. நிற்கும்போது அழகாக 12.6 காட்டிவிட்டுச் செல்ஃப் அடித்ததும் 7-க்கு விழும் பேட்டரிகள் உண்டு. தகடு உதிர்ந்துபோய் மிச்சமிருக்கும் கொஞ்சம் மட்டும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். பல மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகும் 10.5-லேயே நின்றால் கணக்கு இன்னும் சுலபம்: ஆறு அறையில் ஒன்று செத்துவிட்டது. இதற்கு வைத்தியம் கிடையாது. "செல் போயிடுச்சு" என்று மெக்கானிக் சொன்னால் நம்பலாம்.

சார்ஜிங் வோல்டேஜ் அதிகமாக இருந்தால் நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் ஊரில் அந்த நினைப்பு ஆபத்தானது. அறைக்கு 2.4 வோல்ட், அதாவது மொத்தம் 14.4-ஐத் தாண்டும்போது அமிலத்தில் உள்ள தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வேகமாக வெளியேறும். சூடு கூடக் கூட இந்த எல்லை கீழே இறங்கும். ஒரு டிகிரிக்குச் சுமாராக 0.02, 0.03 வோல்ட். 25 டிகிரியில் 14.4 சரி என்றால், 45 டிகிரி சூட்டில் இருக்கும் பேட்டரிக்கு 13.9 போதும். சென்னையில் 2003 மே 31 அன்று நிழலிலேயே 45 டிகிரி பதிவானது. பூந்தமல்லி பைபாஸில் சாதாரண மே மாத மதியத்திலேயே பானெட்டுக்குள் அதைவிட அதிகம் கொதிக்கும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் சூட்டைப் பார்த்துத் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சூடான வண்டியில் 13.6 காட்டினால் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று பதற வேண்டாம். 15 காட்டினால்தான் பதற வேண்டும்: ரெகுலேட்டர் கையை விரித்துவிட்டது, பேட்டரி உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. மூடியைச் சுற்றி ஈரம், வயிறு உப்பின பெட்டி, அழுகிய முட்டை வாடை இவையெல்லாம் அடுத்தடுத்து வரும்.

பேட்டரியைக் கொல்வது குளிர் என்பது பனி பெய்யும் நாட்டுக் கதை. அங்கேகூடக் கோடையில் உள்ளே நடந்த சேதம்தான் குளிர்காலக் காலையில் வெளியே தெரிகிறது. ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. ஆவடிக்காரரின் பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் போவதற்கும், ஊட்டிக்காரரின் பேட்டரி அதைத் தாண்டி உழைப்பதற்கும் காரணம் கம்பெனி அல்ல.

அடுத்து போக்குவரத்து. மெட்ரோ ரயில் வேலை நடந்த வருடங்களில் போரூர்–பூந்தமல்லி சாலையில் ஊர்ந்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஹெட்லைட் இரண்டுக்கும் எட்டு ஒன்பது ஆம்பியர், ஏ.சி. விசிறிகளுக்குப் பதினைந்துக்குப் பக்கம், மழை பெய்தால் வைப்பர் வேறு. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஆல்டர்னேட்டரால் முழுத் திறனில் பாதியைக்கூடத் தர முடியாமல் போகலாம். அப்போது டெர்மினலில் 13-க்கும் கீழே பார்த்தால், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். 14 பக்கம் ஏறினால் கோளாறு வண்டியில் இல்லை, சாலையில் இருக்கிறது. செல்ஃப் அடித்தே பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. 150 ஆம்பியரை இரண்டு நொடி இழுத்தால் செலவாவது 0.08 ஆம்பியர்-மணி, நிமிடக் கணக்கில் திரும்பி வந்துவிடும். சிரமம் கடைசி இருபது சதவீதத்தில். பேட்டரி நிறைய நிறைய உள்ளே வாங்கும் வேகம் குறையும். முழுதாக நிறையப் பல மணி நேரம் ஆகும். கொரட்டூரிலிருந்து எஸ்டேட்டுக்கு மட்டும் போய் வரும் கார் அந்தக் கடைசிப் பங்கைத் தொடுவதே இல்லை. தொடாத பகுதியில் சல்பேட் கல்லாக இறுகிவிடும். வாரம் ஒருமுறை வெளிவட்டச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தப் பேட்டரிக்குப் பெரிய உதவி.

ஓட்டாமலே விட்டால் என்ன ஆகும் என்பதை, ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25-க்குப் பிறகு ஊரே பார்த்தது. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து நிற்கும் வண்டி 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருபத்தொன்பது நாளில் காலி. ஊரடங்கு தளர்ந்ததும் தெருத்தெருவாக ஜம்ப் ஸ்டார்ட் நடந்தது. அதற்கு ஒரு முறை இருக்கிறது: சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், மறு முனையை இறங்கிய வண்டியின் எஞ்சின் இரும்பில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் இருக்கலாம் என்பதால்தான் அதைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்.

பேட்டரியின் மேல் விழும் பழிகளில் பாதி மற்றவர்கள் செய்தது. பெல்ட் தளர்ந்திருக்கும், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், டெர்மினலில் பச்சை வெள்ளையாகப் பூத்திருக்கும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரின் முதுகில் 14.3-உம் பேட்டரியில் 13.4-உம் காட்டினால் மீதி 0.9 வோல்ட் வழியில் எங்கோ சிக்கிக் கிடக்கிறது. சுடுதண்ணீர் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிளாம்ப்பை இறுக்கி, வாசலின் தடவினால் தீரும் சங்கதிக்குப் பல ஆயிரம் ரூபாய்ப் பேட்டரி வாங்கியவர்கள் உண்டு. சில மாதத்தில் அதுவும் இறங்கியதும் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விட வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டெர்மினலைக் கழற்றி, "எஞ்சின் நிக்கல, டைனமோ நல்லாருக்கு" என்று சொல்லும் சோதனை. கம்ப்யூட்டர் இல்லாத அம்பாசடரில் அது செல்லுபடியானது. இன்றைய வண்டியில் பேட்டரியைத் திடீரென்று விடுவித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும்; வண்டியின் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். போனால் பேட்டரி விலையில் முடியாது. டயோடு போயிருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை ஏ.சி. பக்கம் திருப்பி வைத்தால் போதும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடில் கோளாறு.

புதிய மாடல்கள் கதையை இன்னும் மாற்றிவிட்டன. மைனஸ் டெர்மினலில் சென்சார் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குக் கட்டளை கம்ப்யூட்டரிடமிருந்து வருகிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க 12.5-க்கு இறக்கும், பிரேக் பிடிக்கும்போது 14.8-க்கு ஏற்றும். அப்படிப்பட்ட வண்டியில் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதே நல்லது.

செல்ஃப் அடித்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும் நாள் ஒன்று வரும். பேட்டரி கடைக்குத் திரும்பும், அல்லது காயலான் கடைக்குப் போகும். இந்த இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. பெட்டியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதைத் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம், தரம் குறைவதில்லை. முறைப்படி செய்தால் பெட்டி உடைபட்டு, அமிலம் நடுநிலையாக்கப்பட்டு, பிளாஸ்டிக் தனியாகப் பிரிந்து, ஈயம் மூடிய உலையில் உருகி மீண்டும் தகடாகும். ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி பக்கங்களில் அப்படி ஈயம் மீட்கும் ஆலைகள் இருக்கின்றன. முறை தவறினால் கோடாலியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்குவார்கள். அந்தப் புகையும் தூசியும் போய்ச் சேரும் இடம் குழந்தைகளின் ரத்தம். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின், சுமார் 80 கோடிப் பேரின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாக யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஒழுங்கில்லாத பேட்டரி மறுசுழற்சி அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001 விதிகள் சொல்லின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளரின் தலையிலேயே வைத்தன. விதி எழுதியாயிற்று, கடை வாசலில் நிற்பது நாம். காயலான் கடையில் நூறு இருநூறு கூடக் கிடைக்கும் என்று வண்டியில் எடுத்துப்போட்டுக்கொண்டு போகாதீர்கள். புதியது வாங்கும் இடத்திலேயே பழையதைக் கொடுங்கள், கழித்த தொகையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன், நின்றபடி, செல்ஃப் அடித்தபடி, ஓடியபடி மூன்று முறை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதி சமயம் மாற்றவே தேவைப்படாது.